சம்பளம் 40 சதவீதம் கூடுகிறது, வாடகை மூன்று மடங்காகிறது: போகலாமா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கித் திருப்பிச் சொல்கிறேன், சரிதானா பாருங்கள். வயது 31. நடுத்தர ஊர் ஒன்றில் எட்டு ஆண்டுகளாக ஒரே துறையில் வேலை. மனைவியும் சம்பாதிக்கிறார். மூன்று வயதில் ஒரு குழந்தை. விலைவாசிக்குப் பேர்போன பெருநகரம் ஒன்றிலிருந்து வேலை வந்திருக்கிறது. சம்பளம் 40 சதவீதம் கூடுதல், வாடகை இப்போது கொடுப்பதைப்போல மூன்று மடங்கு. நண்பர்கள் எல்லாரும் ‘யோசிக்காமல் கிளம்பு’ என்கிறார்கள், அம்மா மட்டும் ‘இருப்பது போதும்’ என்கிறார். ‘40 சதவீதம் போதுமா?’ என்று முடித்திருக்கிறீர்கள். அது மட்டுமே கேள்வி என்றால் ஒரு பத்தியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் நடுவில், அடைப்புக்குறிக்குள், ‘போய்விட்டு இரண்டே வருடத்தில் திரும்பி வந்தால் எல்லார் முகத்திலும் எப்படி விழிப்பது’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது அந்த வரிதான் என்று எனக்குப் படுகிறது. இரண்டுக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் 22 ஆண்டுகள் மனிதவளத் துறையில் சம்பளம் நிர்ணயிக்கும் மேசையில் இருந்தவன். வெளியூரிலிருந்து வருகிறவருக்கு எவ்வளவு கொடுப்பது, எதைக் கேட்டால் இணங்குவது, எதற்குக் கைவிரிப்பது என்று கணக்குப் போட்டுக் கொடுத்ததுதான் என் பிழைப்பு. நானே இரண்டு முறை குடும்பத்தோடு பெருநகரத்துக்குப் பெட்டி கட்டியிருக்கிறேன். ஒன்று நல்ல முடிவு, இன்னொன்று சுத்த அசட்டுத்தனம். ஆகவே கீழே வரும் கூட்டல் கழித்தலை நீங்கள் நம்பலாம். ஆய்வுகள் சொல்வதை ஓரளவு நம்பலாம். மனம் எப்படி இருக்கும் என்று நான் சொல்வதை ஒரு பெரியவரின் அபிப்பிராயமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வரி விவரங்கள் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் அவற்றை ஓர் ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுவிடுவது நல்லது.

முதலில் கணக்கு. இப்போது கையில் வாங்கும் மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். வாடகை 18, மற்ற செலவு 52, மிச்சம் 30. இவை ஒரு பேச்சுக்கு நான் போட்ட எண்கள். உங்கள் எண்களை நீங்களே போட்டுப் பார்க்க வேண்டும். சம்பளம் 40 சதவீதம் ஏறினால் கையில் 140 வந்துவிடாது. வருமானம் ஏற ஏற வரி விகிதமும் ஏறுவதுதான் பெரும்பாலான இடங்களில் வழக்கம். கூடுதலில் ஒரு பங்கு அங்கே போக, 134 வருவதாகக் கொள்வோம். வாடகை மும்மடங்கானால் 54. மற்ற செலவை இரண்டாகப் பிரியுங்கள். கைப்பேசி, விமான டிக்கெட், இணையத்தில் வாங்கும் துணி, பழைய கடனின் தவணை இவையெல்லாம் எங்கே குடியிருந்தாலும் ஒரே விலை. இவை 22 என்க. குழந்தைக் காப்பகம், முடிதிருத்தம், குழாய் பழுது, வெளியே சாப்பாடு போன்றவற்றில் ஒருவருடைய உழைப்பும் ஓர் இடத்தின் வாடகையும் கலந்திருக்கின்றன. அதனால் நகரத்துக்குத் தக்கபடி அவை ஏறும். 30 ஆக இருந்தது 40 ஆகும். 54, 22, 40 சேர்ந்து 116. மிச்சம் 18. சம்பளம் 40 சதவீதம் ஏறியும் சேமிப்பு 30-லிருந்து 18-க்கு இறங்கிவிட்டது. பழைய 30 மிஞ்ச வேண்டுமென்றால் கையில் 146 வர வேண்டும். அதற்குச் சம்பளம் ஏறத்தாழ 54 சதவீதம் உயர்ந்தாக வேண்டும். வாடகை உண்மையாகவே மூன்று மடங்கு என்றால், உங்கள் நேரடிக் கேள்விக்கு என் நேரடி பதில்: போதாது.

இதே வேலை, இதே 40 சதவீதம், கல்யாணமாகாத ஒருவருக்குக் கிடைத்திருந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். அறையைப் பகிர்ந்துகொண்டு 6 வாடகை கொடுப்பவருக்கு அது 18 ஆகிறது. மற்ற செலவு 30-லிருந்து 36 ஆகிறது. முன்பு 64 மிஞ்சியது, இனி 80 மிஞ்சும். அவருக்கும் வாடகை மூன்று மடங்குதான், ஆனால் சின்னத் தொகையின் மூன்று மடங்கு. விலை உயர்ந்த நகரம் எல்லாரையும் ஒரே அளவில் கடிப்பதில்லை. எத்தனை அறை தேவை, எத்தனை குழந்தைகளை யாரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போக வேண்டும் என்பதைப் பொறுத்துக் கடிக்கிறது. ‘கிளம்பு’ என்று சொல்லும் நண்பர்களில் எத்தனை பேர் தனிக்கட்டை என்று எண்ணிப் பாருங்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை, அவர்களுடைய கணக்கைச் சொல்கிறார்கள். இன்னொன்று: சேமிப்பை விகிதமாகப் பார்க்காமல் தொகையாகப் பாருங்கள். செலவழிக்கும் பணத்துக்கு அந்த நகரத்தின் மதிப்பு. சேமிக்கும் பணத்துக்கு நாளை நீங்கள் எங்கே போய் அதைச் செலவழிப்பீர்களோ அந்த இடத்தின் மதிப்பு.

வாடகை மூன்று மடங்கு என்பது உங்களுக்கு எங்கிருந்து தெரிந்தது என்று நீங்கள் சொல்லவில்லை. நேர்முகத்துக்கு வருகிறவர்கள் ஒரு காகிதத்தில் பென்சிலால் வாடகையை எழுதிக்கொண்டு வருவார்கள். பெரும்பாலும் அது விளம்பரங்களில் கண்ட மிகக் குறைந்த எண்ணாக இருக்கும். நல்ல விலைக்கு வந்த நல்ல வீடு இரண்டு நாளில் போய்விடும். வாரக்கணக்கில் விளம்பரத்தில் நிற்கும் வீட்டுக்கு அப்படி நிற்க ஏதோ ஒரு காரணம் உண்டு. ‘சராசரி வாடகை’ என்று வெளியாகும் எண்ணும் ஏமாற்றும். பத்து வருடமாக ஒரே வீட்டில் பழைய வாடகையில் இருப்பவர்களும் அந்தச் சராசரிக்குள் இருக்கிறார்கள். புதிதாக நுழைகிற நீங்கள் இன்றைய விலைதான் கொடுப்பீர்கள். உலக நகரங்களின் விலைவாசிப் பட்டியல்களும் அப்படித்தான். மெர்சர் நிறுவனம் வெளியிடும் பட்டியல் இருநூறுக்கும் மேற்பட்ட பொருள்களையும் சேவைகளையும் நியூயார்க்கோடு ஒப்பிடுகிறது. வெளிநாட்டுக்கு ஊழியர்களை அனுப்பும் நிறுவனங்களுக்காகத் தயாரிக்கப்படுவது அது. அந்தக் கூடையில் இருப்பவை உங்கள் வீட்டுக் கூடையில் இருக்க வேண்டும் என்பதில்லை. நம்பத் தகுந்த தகவல் ஒன்றுதான்: கடந்த மூன்று மாதத்துக்குள் அந்த நகரத்தில், உங்களைப்போல ஒரு குழந்தையோடு வீடு பிடித்த இரண்டு பேர். அவர்களிடம் வாடகை, முன்பணம், தரகுத் தொகை, பராமரிப்புக் கட்டணம் நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். மொத்தமாகக் கேட்டால் மனிதர்கள் வாடகையை மட்டும்தான் சொல்வார்கள்.

மூன்று மடங்கு வாடகையைக் கண்டு மிரண்டவர்கள் அடுத்துச் செய்வது, நகரின் விளிம்புக்குப் போய் வீடு பார்ப்பது. அங்கே வாடகை இரண்டு மடங்குதான் என்று வைத்துக்கொள்வோம்: 36. மிச்சம் 18-லிருந்து 36-க்கு ஏறிவிடுகிறது, பிரச்சினை தீர்ந்துவிட்டது போலத் தோன்றும். மையத்திலிருந்து விலக விலக வாடகை குறைவது, பயணத்தின் செலவையும் நேரத்தையும் வாடகையில் கழித்துக் கொடுப்பதால்தான் என்று நகரங்களின் பொருளாதாரத்தை ஆராய்ந்த வில்லியம் அலோன்சோ 1964-லேயே எழுதிவிட்டார். கழித்துக் கொடுப்பது நியாயமான அளவுதானா என்பதைத்தான் பார்க்க வேண்டும். போக 75 நிமிடம், வர 75 நிமிடம், மாதம் 22 நாள் என்றால் 55 மணி நேரம். அருகில் இருந்தால் இருபது இருபது நிமிடமாக 15 மணி நேரத்தில் முடிந்திருக்கும். ஆக, மாதம் 18 மிச்சப்படுத்த 40 மணி நேரம் கொடுக்கிறீர்கள், மணிக்கு 0.45. இன்று நீங்கள் மாதம் 176 மணி நேரம் உழைத்து 100 வாங்குகிறீர்கள், மணிக்கு 0.57. அதாவது உங்கள் நேரத்தை இப்போது அலுவலகம் வாங்கும் விலைக்கும் கீழே வீட்டுக்காரருக்கு விற்கிறீர்கள், ரயில் கட்டணம் தனி. நீண்ட பயணம் செய்கிறவர்கள் வாழ்க்கையில் திருப்தி குறைவாக இருப்பதாக ஜெர்மானியத் தரவுகளைக் கொண்டு ஸ்டட்சர், ஃப்ரே என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2008-ல் காட்டினார்கள். பின்னர் பிரிட்டன் தரவுகளில் தேடியபோது அந்தத் தொடர்பு தென்படவில்லை. எனவே எல்லாருக்கும் அப்படித்தான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று வயதுக் குழந்தை இரவு எட்டரைக்குத் தூங்கிவிடும். எட்டு நாற்பதுக்குக் கதவைத் திறக்கும் அப்பாவாக ஒரு வருடம் இருந்தவன் நான். அதற்கு ஆய்வு எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை.

இனி மேசையின் மறுபக்கம். ‘அங்கே வாடகை அதிகம், அதனால் சம்பளத்தைக் கூட்டிக் கொடுங்கள்’ என்று கேட்பவர்கள்தான் அதிகம். அந்த வாதம் எங்களிடம் ஏறக்குறைய எடுபட்டதே இல்லை. ஒரு நகரத்தில் வாழ என்ன செலவாகும் என்று பார்த்து நிறுவனங்கள் சம்பளம் நிர்ணயிப்பதில்லை. அந்த நகரத்தில் அந்த வேலைக்கு மற்ற நிறுவனங்கள் என்ன கொடுக்கின்றன என்று பார்த்துத்தான் நிர்ணயிக்கின்றன. இரண்டும் ஒரே திசையில் போகும், ஒரே வேகத்தில் போகாது. அதனால் ‘இந்தப் பொறுப்புக்கு, இந்த அனுபவத்துக்கு, உங்கள் நகரத்தில் இவ்வளவு கிடைக்கிறது’ என்று பேசுங்கள். அந்தப் பேச்சுக்குக் காது கொடுத்தே ஆக வேண்டும், ஏனென்றால் நாங்கள் வைத்திருக்கும் அட்டவணையும் அதே மொழியில்தான் எழுதப்பட்டிருக்கும். மாதச் சம்பளத்தை ஓர் அளவுக்கு மேல் ஏற்றினால் பக்கத்து நாற்காலிக்காரர்களின் சம்பளத்தோடு இடிக்கும், மேலிடம் மறுக்கும். ஆனால் ஒரு முறை மட்டும் கொடுக்கும் தொகை, அதாவது சேரும்போது தரும் பணம், சாமான் ஏற்றிவரும் செலவு, முதல் மாதம் தங்கும் செலவு, வேறு கணக்கிலிருந்து வருவது. அதைக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். கேட்காதவருக்கு நாங்கள் நினைவூட்டியதில்லை, அதற்காக இப்போது கொஞ்சம் கூச்சப்படுகிறேன்.

பணி நியமனக் கடிதத்தில் நீங்கள் மிகவும் மெதுவாகப் படிக்க வேண்டிய இடம், அந்த ஒரு முறைத் தொகையைத் திருப்பிக் கேட்கும் விதி. 12 அல்லது 24 மாதத்துக்குள் நீங்களாக விலகினால் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும் என்று இருக்கும். 23-ஆவது மாதம் விலகினாலும் முழுத் தொகையா, அல்லது கழிந்த மாதங்களுக்குத் தக்கபடி குறையுமா என்று கேளுங்கள். ‘மாதத்துக்கு மாதம் குறையும்’ என்று எழுதித் தரச் சொன்னால் பலர் தருவார்கள். நிறுவனமே உங்களை அனுப்பினால் இந்த விதி பொருந்தாது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். அப்புறம், அந்த 40 சதவீதத்தில் எவ்வளவு நிச்சயச் சம்பளம், எவ்வளவு ஆண்டிறுதியில் ‘நிறுவனத்தின் செயல்பாட்டைப் பொறுத்து’ வருவது? வாடகை ஆண்டிறுதி வரை காத்திருக்காது. என் கணக்கில் 134 என்று போட்டது மாதாமாதம் வங்கியில் விழும் எண். மாறும் பகுதியை அதில் சேர்க்காதீர்கள். வந்தால் அது சேமிப்பு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு, அப்படியென்றால் ஏன் ஜனங்கள் இன்னும் அந்த நகரங்களுக்குப் போய்க்கொண்டே இருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். விலை உயர்ந்த நகரத்தில் வாடகை என்பது வெறும் கூரைக்கான விலையில்லை. அருகாமைக்கான விலை அது. உங்கள் துறையைச் சேர்ந்த ஆயிரம் நிறுவனங்களுக்கு அருகில், உங்களைவிடக் கெட்டிக்காரர்களுக்கு அருகில், அடுத்த வேலைக்கு அருகில் இருப்பதற்கான கட்டணம். பொருளாதார நோபல் பெற்ற டேவிட் கார்ட் இன்னும் இருவருடன் சேர்ந்து 2023-ல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு, பெரிய நகரங்களில் கூடுதலாகக் கிடைக்கும் சம்பளத்தை வீட்டுச் செலவு முழுவதுமாக விழுங்கிவிடுகிறது என்கிறது. என் 18-உம் 30-உம் அதைத்தான் சொல்கின்றன. ஆனால் ஸ்பெயின் நாட்டுத் தொழிலாளர்களின் வேலை வரலாற்றைத் தொடர்ந்து பார்த்த ஹோர்ஹே டி லா ரோக்காவும் டியேகோ பூகாவும் 2017-ல் வேறொன்றைக் காட்டினார்கள். பெருநகரம் சேர்ந்த அன்றே கொஞ்சம் கூடுதல் சம்பளம் தருகிறது. அங்கே சில ஆண்டுகள் வேலை பார்த்தபின் அந்தக் கூடுதல் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. அதைவிட முக்கியம், அங்கே பெற்ற அனுபவத்தின் மதிப்பு, நகரத்தை விட்டுச் சிறிய ஊருக்குப் போனாலும் பெரும்பகுதி கூடவே வருகிறது. முதல் நாள் கூடுதல் நகரத்துக்குச் சொந்தம், கிளம்பும்போது அங்கேயே விட்டுவிட வேண்டும். கற்றது உங்களுக்குச் சொந்தம்.

இது எல்லாருக்கும் பொருந்துமா என்றால், இல்லை. கல்லூரிப் படிப்பு இல்லாத தொழிலாளர்களுக்குப் பெருநகரங்கள் முன்பு கொடுத்துவந்த கூடுதல் சம்பளம் 1980-க்குப் பிறகு அமெரிக்காவில் பெருமளவு கரைந்துவிட்டது என்று பொருளாதார அறிஞர் டேவிட் ஆட்டர் 2019-ல் விளக்கினார். படித்தவர்களிலும் வேலையின் தன்மையைப் பொறுத்தது. எந்த நகரத்திலும் ஒரே மாதிரி செய்யப்படும் வேலையாக இருந்து, நாள் முழுவதும் திரையைப் பார்த்துக்கொண்டு, வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே செய்வதாக இருந்தால், அருகாமைக்கு விலை கொடுத்துவிட்டு அதை அனுபவிக்காமல் இருக்கிறீர்கள். என் அசட்டுத்தனமான இடமாற்றம் இந்த ரகம்தான். நகரத்துக்கு நகரவாசியின் வாடகையைக் கொடுத்தேன், நான்கு பேர் இருந்த கிளை அலுவலகத்தில் உட்கார்ந்து முந்தைய ஊரில் செய்த அதே வேலையைச் செய்தேன், மாலையில் ரயிலைப் பிடிக்க ஓடினேன். துறையைச் சேர்ந்த வேறு நிறுவனத்தார் ஒருவரோடுகூடப் பதினான்கு மாதத்தில் ஒரு தேநீர் குடித்ததில்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு அரங்கத்துக்கு வெளியே நின்றவன் கதை.

ஆகவே நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கேள்விகளில் சம்பளத்தைவிட இவை கனமானவை: யாருக்குக் கீழே வேலை? அந்த மேலாளர் அங்கே எத்தனை ஆண்டாக இருக்கிறார்? இதே நாற்காலியில் இதற்குமுன் இருந்தவர் இப்போது எங்கே, என்ன பொறுப்பில் இருக்கிறார்? முன்னவர் பெரிய பொறுப்புக்குப் போயிருந்தால் அந்த நாற்காலி ஏதோ கற்றுத்தருகிறது. முன்னவர்கள் மூவர் இரண்டாண்டுக்குள் கிளம்பியிருந்தால் அந்த 40 சதவீதம் எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்று யோசியுங்கள். இன்னொன்றை நீங்களே சோதிக்கலாம்: இந்த வேலை ஆறு மாதத்தில் போய்விட்டால், அதே நகரத்தில் உங்களை எடுக்கக்கூடிய வேறு நிறுவனங்கள் எத்தனை? பத்துக்கு மேல் பெயர் சொல்ல முடிந்தால் நகரம் உங்களுக்கு ஒரு பாதுகாப்பு. ஒன்றிரண்டுதான் என்றால் உயர்ந்த வாடகையையும் தனி நிறுவனத்தின் தயவையும் சேர்த்துச் சுமக்கப் போகிறீர்கள்.

மனைவியைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள்: ‘அவளும் அங்கே ஏதாவது தேடிக்கொள்வாள்.’ மன்னிக்க வேண்டும், மொத்தக் கேள்வியிலும் ஆபத்தான வரி அதுதான். அவர் சம்பளம் 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். புது ஊரில் வேலை கிடைக்க ஆறு மாதம் ஆனால் இழப்பு 360. உங்களுக்குக் கூடுதலாக வரும் 34-ஐ முழுக்க அதற்கே கட்டினாலும் ஈடுகட்டக் கிட்டத்தட்ட பதினொரு மாதம் ஆகும். ஒருவருக்குக் கிடைத்த வேலைக்காகக் குடும்பமே நகரும்போது மற்றவர் நஷ்டப்படுவதைப் பற்றி பொருளாதார அறிஞர் ஜேக்கப் மின்சர் 1978-லேயே எழுதினார். ஜெர்மனி, ஸ்வீடன் தம்பதிகளை வைத்து 2024-ல் வெளியான ஆய்விலும், இடம் மாறியபின் கணவரின் வருமானம் மனைவியின் வருமானத்தைவிடக் கூடுதலாக ஏறுவதுதான் தெரிகிறது. என் மேசைக்கு வந்து ஒரு வருடத்தில் திரும்பிப் போனவர்களில், வேலை பிடிக்காமல் போனவர்கள் குறைவு. வீட்டில் ஒருவர் நாள் முழுவதும் தனியாக இருந்து வாடிப்போனதால் போனவர்களே நான் பார்த்தவரை அதிகம். இது என் மேசையில் கண்டது மட்டும்தான், புள்ளிவிவரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். செய்யக்கூடியது: நீங்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் அவர் அந்த நகரத்தில் நான்கு இடங்களுக்கு விண்ணப்பித்துப் பார்க்கட்டும். எத்தனை பேர் திரும்பக் கூப்பிடுகிறார்கள் என்பதே பதில். குழந்தையை இப்போது பகலில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்றும் நீங்கள் சொல்லவில்லை. அது உங்கள் அம்மா என்றால், ‘இருப்பது போதும்’ என்று அவர் சொல்வதற்குள்ளே ஒரு முழுநேரக் காப்பகத்தின் கட்டணம் ஒளிந்திருக்கிறது. நகரத்துக்குத் தக்கபடி ஏறும் செலவு என்று நான் போட்ட 30 அப்போது 40-க்கு மேலேயும் போகும்.

அங்கே போனால் சந்தோஷமாக இருப்போமா என்பதில் எனக்கு மட்டுமல்ல, உங்களுக்குமே ஊகிக்கும் திறன் குறைவுதான். டேனியல் கானமன், டேவிட் ஷ்கேட் என்ற ஆய்வாளர்கள் 1998-ல் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதி மாணவர்களையும் தெற்குக் கலிஃபோர்னியா மாணவர்களையும் கேட்டார்கள். கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் கூடுதல் மகிழ்ச்சியோடு இருப்பார்கள் என்று இரு தரப்பும் நினைத்தது. அவரவர் வாழ்க்கைத் திருப்தியைச் சொல்லச் சொன்னபோது இரு பகுதிக்கும் வித்தியாசமே இல்லை. ஊரை நினைத்துப் பார்க்கும்போது கடற்கரையும் வெயிலும் கண்ணில் நிற்கின்றன, செவ்வாய்க்கிழமை காலையில் சாக்ஸ் தேடுவது நிற்பதில்லை. இதற்கு எதிர்ப்பக்கமாக ஒன்றும் உண்டு. பொருளாதார அறிஞர் ஸ்டீவன் லெவிட், முடிவெடுக்க முடியாமல் தவித்தவர்களை இணையத்தில் நாணயம் சுண்டச் சொல்லிப் பின்தொடர்ந்தார். 2021-ல் அச்சான அந்த ஆய்வின்படி, பெரிய விஷயங்களில் மாற்றத்தைத் தேர்ந்தவர்கள் ஆறு மாதம் கழித்துக் கூடுதல் நிறைவோடு இருந்தார்கள். நாணயம் சுண்டவே முன்வந்தவர்கள், ஏற்கனவே சரிபாதியில் ஊசலாடியவர்கள் அவர்கள். அதனால் எல்லாருக்கும் இதை நீட்ட முடியாது. மற்ற கணக்கெல்லாம் சமமாக வந்து நிற்கும்போது மட்டும், போகும் பக்கம் கொஞ்சம் சாயலாம் என்பதற்கு இதைச் சான்றாக வைத்துக்கொள்வேன்.

இப்போது அந்த அடைப்புக்குறி வரி. திரும்பி வந்தவர்களை வேலைக்கு எடுக்கும் இடத்திலும் நான் இருந்திருக்கிறேன். ‘ஏன் திரும்பினீர்கள்’ என்று கேட்போம், ‘குடும்பக் காரணம்’ என்பார்கள், பேச்சு அடுத்த வினாடியே ‘அங்கே என்ன செய்தீர்கள்’ என்பதற்குப் போய்விடும். இரண்டாண்டுப் பெருநகர அனுபவத்தைத் தோல்வி என்று யாரும் கோப்பில் எழுதியதில்லை. நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது: திரும்பும்போது சம்பளம் இறங்கும், அதற்குள் பெருநகரச் செலவு பழகியிருக்கும், அங்கே வாங்கிய கடன் கூடவே வரும். அதனால்தான் புதிய ஊரில் முதல் 18 மாதம் காருக்கும் வீட்டுக்கும் கடன் வாங்காதீர்கள் என்று எல்லாரிடமும் சொல்வேன். புது நகரத்துச் செலவுக் கணக்கின்படி ஆறு மாதத்துக்கான பணம் கையில் இருக்க வேண்டும். என் எண்களில் அது 116-ஐ ஆறால் பெருக்கினால் வரும் 696, உங்கள் இப்போதைய ஏழு மாதச் சம்பளம். அது இல்லாமல் கிளம்பினால், பிடிக்காத வேலையிலும் பணத்துக்காக மாட்டிக்கொள்வீர்கள். உங்களைத் திரும்ப விடாமல் செய்வது ஊர்க்காரர்களின் முகங்களாக இருக்காது. இப்போதைய மேலாளரிடம் நல்லபடியாகச் சொல்லிவிட்டு, ஒப்படைக்க வேண்டியதை ஒழுங்காக ஒப்படைத்துவிட்டுக் கிளம்புங்கள். இதே நாற்காலிக்கே திரும்பி வந்து உட்கார்ந்தவர்களை நான் எண்ணிக்கை மறக்கும் அளவுக்குப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த வேலையை இப்போதைய வடிவில் ஏற்க மாட்டேன், மறுக்கவும் மாட்டேன். 40-ஐ 50-க்கு நகர்த்தப் பார்ப்பேன், மீதியை ஒரு முறைத் தொகையாகக் கேட்பேன், சேரும் தேதியை இரண்டு மாதம் தள்ளச் சொல்வேன். அந்த இரண்டு மாதத்தில் மனைவி விண்ணப்பிக்கட்டும். நாற்காலியின் வரலாறு நன்றாக இருந்து, மனைவிக்கு ஓர் அழைப்பாவது வந்துவிட்டால், சம்பளப் பேச்சு 45-இலேயே நின்று சேமிப்பு 30-லிருந்து 22, 23-க்கு இறங்கினாலும் போவேன். அந்த ஏழெட்டைக் கற்பதற்குக் கட்டும் கட்டணமாக வைத்துக்கொண்டு, மூன்றாண்டுக்கு மட்டும் கட்டுவேன். இரண்டில் ஒன்று இல்லையென்றால் போக மாட்டேன். முதல் மூன்று மாதம் நீங்கள் மட்டும் போய்ப் பகிர்ந்த அறையில் இருந்துகொண்டு வீடு பார்ப்பது இன்னும் நல்லது. வெளியூரில் இருந்துகொண்டு படத்தைப் பார்த்து வீட்டுக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

ஒரு சின்ன விஷயம். நான் முதல் முறை மாறியபோது பழைய பிரிட்ஜைப் பிரியமாக லாரியில் ஏற்றிக்கொண்டு போனேன். புதிய வீட்டின் சமையலறை வாசல் அதைவிட இரண்டு விரல் குறுகல். வாசற்கதவைக் கழற்றியும் உள்ளே போகவில்லை. ஏழு மாதம் அது கூடத்தில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் நின்று உறுமிக்கொண்டிருந்தது. கடைசியில் ஏற்றிவந்த கூலியில் பாதிக்கு அதை விற்றேன். பெரிய சாமான்களைக் கிளம்பும் முன்பே விற்றுவிடுங்கள். விற்க மனமில்லாவிட்டால், வீடு பார்க்கப் போகும்போது சட்டைப் பையில் அளவுநாடா ஒன்று இருக்கட்டும்.